சேற்று டயரா, எல்லா நிலத்துக்குமான டயரா?

மலைப்பாதையன்:
என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு வந்த சாலை டயர்கள் ஏறக்குறைய தேய்ந்துவிட்டன. அளவு 265/70 ஆர்17, அதாவது அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். நான் ஓட்டும் தூரத்தில் பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை, மீதி மலையடிவார மண்பாதை. மழை பெய்தால் அந்தப் பாதை களிமண் சேறாகிவிடும்; நடுநடுவே கூரான கற்களும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஒரு சிறிய ஏற்றத்தில் நான்கு சக்கரங்களும் சுழன்றும் வண்டி நகரவே இல்லை. அதனால் இந்த முறை மட் டெரைன் எனப்படும் சேற்று டயர் போடுவதென்று எண்ணியிருக்கிறேன். இது தவறென்று கருதுபவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

நெடுவழி:
தவறென்றே கருதுகிறேன். மட் டெரைன் டயரின் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், பெரியவை, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியும் பெரியது. ஆகவே தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு. ஈரச் சாலையில் பிடிமானம் தருகிற மெல்லிய கீறல்களும் அந்தப் பட்டன்களில் மிகச் சிலவே. நீங்கள் சேற்றில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சிக்கினால் அரை நாள் போகும், அவ்வளவுதான். மழையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒருவர் குறுக்கே வந்தால், சில மீட்டர் தள்ளி நிற்கும் வண்டி ஓர் உயிரைப் பறித்துவிடும். எட்டுப் பங்கு தூரத்துக்கு ஏற்ற, எல்லா நிலத்துக்குமான ஆல் டெரைன் டயரே உங்களுக்குப் பொருந்தும்.

கற்பாறை:
நண்பர் நெடுவழி கிலோமீட்டரை எண்ணி டயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். உதவி கிடைக்காத இடத்தை எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. களிமண்ணில் ஆல் டெரைன் டயரின் குறுகிய இடைவெளிகள் சில சுற்றுகளிலேயே அடைத்துக்கொள்ளும். அதன்பின் அது வழுவழுப்பான உருளைதான். மட் டெரைன் டயரோ சுழலும் வேகத்திலேயே சேற்றை வீசி எறிந்து தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ளும், பக்கச்சுவரை ஒட்டிய தோள்பகுதிப் பட்டன்களால் தடத்தின் ஓரத்தையும் கவ்வும். இருட்டும் நேரத்தில், மழை நிற்காத இடத்தில், குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவருக்கு அந்த அரை நாள் சிறியதாகத் தெரியாது. ஈரத் தார்ச்சாலையில் அது பின்தங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை அறிந்தவர் வேகத்தைக் குறைத்து, முன்னால் செல்லும் வண்டிக்கு இடம் விட்டு ஓட்டலாம். சேற்றில் அப்படி ஈடுசெய்ய ஓட்டுநரிடம் எதுவும் இல்லை.

நெடுவழி:
இருக்கிறது, அது காற்றழுத்தம். மலைப்பாதையன் அவர்களே, அந்த ஏற்றத்தில் சிக்கியபோது டயரில் எவ்வளவு காற்று இருந்தது?

மலைப்பாதையன்:
சாலைக்கு வைக்கும் 35 பி.எஸ்.ஐ.தான். குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நெடுவழி:
அப்படியானால் தேய்ந்த சாலை டயர், முழுக் காற்று ஆகிய இரண்டும் சேர்ந்து தோற்ற இடம் அது. மட் டெரைன் தேவை என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. காற்றை 22 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் நிலத்தில் பதியும் தடம் நீளும். பலர் நினைப்பதுபோல் அகலம் அவ்வளவாகக் கூடுவதில்லை, நீளம்தான் கூடுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காற்றைக் குறைத்தபின் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகச் சென்றால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி, டயரே பிய்ந்துவிடும். ஆகவே எந்த டயர் வாங்கினாலும் அதற்குமுன் நம்பகமான அழுத்தமானி ஒன்றும் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்றும் வாங்குங்கள்.

கற்பாறை:
மணலுக்கு இது முழுக்க உண்மை. மணலில் நானும் மட் டெரைனைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பட்டன்கள் மணலைத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். ஆனால் கூரான கற்கள் உள்ள பாதையில் காற்றை மிகவும் இறக்கினால் பக்கச்சுவர் பிதுங்கி, கல் கிழிப்பதற்கு வாட்டமாக வந்து நிற்கும். பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரையே கழற்றி எறிய வேண்டியதுதான். எனவே தடித்த பக்கச்சுவராவது அவருக்குக் கட்டாயம் வேண்டும்.

நெடுவழி:
அதை ஏற்கிறேன். ஆனால் தடித்த பக்கச்சுவர் மட் டெரைனுக்கு மட்டுமே உரியதன்று. இலகு சரக்கு வண்டிகளுக்கான கட்டமைப்பில் ஆல் டெரைன் டயர்களும் வருகின்றன. பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்: 115 என்றால் ஒரு டயர் 1215 கிலோ தாங்கும், 121 என்றால் 1450 கிலோ. இத்தகைய டயர் கனமானது, அதே சுமைக்குச் சற்றுக் கூடுதல் காற்று கேட்கும், பயணமும் கொஞ்சம் முரடாக இருக்கும். உங்கள் கற்களுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.

அச்சாணி:
இருவரும் வகையைப் பற்றியே பேசுகிறீர்கள். அளவிலும் பலர் தவறுகிறார்கள். 265/70 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர். தோற்றத்துக்காக 285/70 ஆர்17 போட்டால் அது 831 ஆகும். வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து கூடுதலாக உயர்வது வெறும் 14 மில்லிமீட்டர். அதற்கு ஈடாக வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 103.5 ஆகிவிடும், கியர் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். அடியில் கெட்டித் தரையுள்ள சேற்றில் குறுகிய டயர் அழுந்தி இறங்கி அத்தரையைப் பிடித்துக்கொள்கிறது. அகலமான டயர் மேலேயே வழுக்குகிறது. வேறு ரிம் போட வாய்ப்பிருந்தால் 235/85 ஆர்16 பாருங்கள்: உயரம் ஏறத்தாழ அதேதான், அகலம் மட்டும் 30 மில்லிமீட்டர் குறைவு.

எந்த டயர் என்றாலும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் ஒரே வகையில் வாங்குங்கள். சுற்றளவு வேறுபட்ட டயர்களோடு நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிக் கெட்டித் தரையில் ஓட்டினால், முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிக் கியர் பெட்டியைக் கெடுக்கும்.

மலைப்பாதையன்:
அதே அளவில், 121 சுமைக் குறியீடு கொண்ட ஆல் டெரைன் டயர் ஐந்தும், கம்ப்ரசரும் வாங்குகிறேன். கற்பாறை அவர்களின் அச்சம் எனக்கு இன்னும் முழுதாக நீங்கவில்லை.

கற்பாறை:
நீங்கத் தேவையில்லை. வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மண்வெட்டி ஒன்றையும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிடிப்புப் பலகைகள் இரண்டையும் வண்டியிலேயே வைத்திருங்கள். அந்த ஏற்றத்தின் அடியில் இறங்கி டயரைப் பாருங்கள்: பட்டன் இடைவெளிகள் அங்கேயே சேற்றால் நிரம்பியிருந்தால், ஏறாமல் திரும்பிவிடுங்கள்.