கட்டி என்று எழுதப்பட்ட மேடு

இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் எக்கோ அறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ‘இதயத்தில் கட்டி’ என்ற இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தை எப்படி உலுக்கும் என்பதை, சென்ற ஆண்டு வந்த 58 வயது அம்மா ஒருவரிடம்தான் மிக அருகில் கண்டேன். வேறோர் இடத்தில் எடுத்த அறிக்கையில், இடது மேலறையில் 11 மி.மீ. அளவில் கட்டி தெரிவதாகவும், அது உறைந்த ரத்தமா, மிக்சோமா எனும் இதயக் கட்டியா எனப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அறுவை சிகிச்சைக்காக நகையை அடகு வைப்பது வரை வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லிப் புரோபை வைத்ததும் அது தெரிந்தது. மெலிந்த காம்பும் உருண்ட நுனியுமாக, காது குடையும் பஞ்சுக்குச்சியின் தலையைப் போல இருந்தது. ஆனால் அது இருந்த இடமே பாதி விடையைச் சொல்லிவிட்டது. இடது மேல் நுரையீரல் சிரை வந்து திறக்கும் வாய்க்கும், மேலறையின் காது போன்ற சிறு பையின் வாய்க்கும் நடுவே, சுவரே மடிந்து உள்ளே துருத்தி நிற்கும் இயல்பான மேடு அது. இதை ரத்தக்கட்டி என்று கருதி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைக் கொடுத்த காலம் உண்டு. அம்மருந்தின் வணிகப் பெயராலேயே இன்றும் ‘கூமடின் ரிட்ஜ்’ என்கிறோம். மிக்சோமாவோ பெரும்பாலும் எதிர்ப்புறத்தில், இரு மேலறைகளுக்கும் இடையிலான தடுப்பில், ஃபோசா ஓவாலிஸ் எனும் சிறு பள்ளத்தின் அருகே காம்பு ஊன்றி வளரும். அந்த அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் சீரற்ற இதயத் துடிப்பு இல்லை, மைட்ரல் வால்வு சுருங்கவில்லை, மேலறையும் விரியவில்லை; ரத்தம் அங்கே தேங்கி உறைய வழக்கமான காரணம் எதுவும் இல்லை. ஐயம் தீர, உணவுக்குழாய் வழியாகவும் எக்கோ எடுத்தோம், அதிலும் மேடுதான்.

முந்தைய அறிக்கையை எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. பயிற்சிக் காலத்தில், வலது மேலறையின் பின்சுவரில் உருண்டையாகத் தெரிந்த ஒன்றை நானும் அளந்து, கட்டி எனக் குறித்து வைத்திருந்தேன். மூத்த மருத்துவர் என் கையைப் பிடித்துப் புரோபை மெல்லத் திருப்பினார். உருண்டை நீண்டு, மேற்பெருஞ்சிரையின் வாயிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரையை நோக்கி இறங்கும் தசைவரப்பாயிற்று. கிரிஸ்டா டெர்மினாலிஸ். “வரப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மண்ணுருண்டையாகத்தானே தெரியும்?” என்றார். அதே வலது மேலறையில் சிலருக்கு மெல்லிய இழைகளாக மிதந்தாடும் சியாரி வலையும், கருவிலிருந்த வால்வு முழுதாக மறையாமல் எஞ்சிய ஒன்றுதான். ஹான்ஸ் சியாரி அதை 1897லேயே விவரித்துவிட்டார். எனினும் அதை ரத்தக்கட்டி என்றோ வால்வில் பற்றிய கிருமித்தொற்று என்றோ ஐயுற்று அனுப்பப்படுபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

அந்த அம்மாவின் அறிக்கையில் ‘கட்டி இல்லை’ என்று எழுதுவதோடு நான் நிறுத்தவில்லை. மேட்டின் பெயர், இருக்கும் இடம், அளவு, இயல்பான அமைப்பு என்ற விளக்கம் அனைத்தையும் எழுதி, இனி எங்கே எக்கோ எடுத்தாலும் முதலில் இந்தத் தாளைக் காட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து, நகைக்கடன் படிவத்தை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பர்சிலேயே வைத்துக்கொண்டார்.