பாலைவனத்துக் கறுப்புக் கொண்டைப் பறவை: புல்லுருவியை வெட்டலாமா?

வேலிக்கால்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகருக்கு வெளியே, சொனோரன் பாலைவன ஓரத்தில் இருக்கிறோம். வீட்டு மெஸ்கீட் மரத்தின் (சீமைக்கருவேலத்தின் உறவு) உச்சியில் ஒரு பறவை தினமும் உட்கார்கிறது. பளபளக்கும் கறுப்பு, கூரான கொண்டை, சிவப்புக் கண். பறந்தால் மட்டும் இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரிகிறது. கூடவே சாம்பல் நிறத்தில் இன்னொன்று. என்ன பறவை? மரமெங்கும் புல்லுருவி. இந்தப் பிப்ரவரியிலேயே வெட்டிவிடலாமா?

மரக்காவலன்: சாம்பல் நிறம், வெள்ளைத் திட்டு என்றால் மாக்கிங்பேர்ட். புல்லுருவியைத் தயங்காமல் வெட்டுங்கள். மரத்தின் நீரை உறிஞ்சும் ஒட்டுண்ணி அது.

பாலைநிழல்: மாக்கிங்பேர்டுக்குக் கொண்டை ஏது? இது ஃபைனோபெப்லா. கறுப்பு ஆண், சாம்பல் பெண். இரண்டுக்குமே கொண்டையும் சிவப்புக் கண்ணும் உண்டு. மெல்ல மேலேறி முடியும் ‘வுர்ப்’ என்ற ஒற்றைக் குரலைக் கேட்டால் சந்தேகமே வராது. தயவுசெய்து வெட்டாதீர்கள். குளிர்காலம் முழுக்க அந்தப் புல்லுருவிப் பழம்தான் அதற்கு உணவு. பழத்தில் சத்து குறைவு என்பதால் ஒரே நாளில் 1,100 வரைகூட விழுங்கும். தோலை இரைப்பையே தனியாகப் பிரித்துவிடும். தண்ணீர் குடிப்பதும் அபூர்வம். பழத்தின் ஈரமே போதும்.

மரக்காவலன்: சரி, ஃபைனோபெப்லா என்றே வைத்துக்கொள்வோம். அது எச்சமிடும் விதைகள் கிளையில் ஒட்டி முளைத்துத்தானே புல்லுருவி பரவுகிறது? பறவை பூச்சியும் தின்னும், பட்டினி கிடக்காது. கோடையில் காணாமல் போகிற பறவைக்காக நிழல் தரும் மரத்தைப் பலிகொடுப்பதா?

பாலைநிழல்: எங்கே போகிறது என்று பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே குஞ்சு பொரிக்கும். வெயில் ஏறியதும் ஓக் மரக்காடுகளுக்குப் போய் மறுபடி கூடுகட்டும். ஜிபிஎஸ் கருவி மாட்டிப் பின்தொடர்ந்ததில், பாலைவனத்தில் இருந்த அதே பறவைகள் அந்தக் காடுகளுக்குப் போவது தெரியவந்தது. இதைவிட ஆச்சரியம், இடத்துக்கு ஏற்ப குணமே மாறுகிறது! இங்கே ஒவ்வொரு ஜோடியும் தன் பழக்கொத்தைச் சண்டைபோட்டுக் காக்கும். அங்கே ஒரே மரத்தில் பல ஜோடிகள் அருகருகே குடியிருக்கும். இந்த இரட்டை வாழ்க்கையின் முதல் பாதி உங்கள் மரத்தில் நடக்கிறது.

கிளைநறுக்கி: மர வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மரக்காவலன் பயப்படுவதில் நியாயம் உண்டு. வறட்சியில் புல்லுருவி மண்டினால் கிளை காயும். ஆனால் வெளியே தெரியும் கொத்தை மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும், வேர் மரத்துக்குள் இருக்கிறது. ஒன்றிரண்டு கொத்து நல்ல மரத்தை ஒன்றும் செய்யாது. அப்புறம், இந்தப் பறவை பெரும்பாலும் புல்லுருவிக்குள்ளேயே கூடுகட்டும். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அழிப்பது அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி குற்றம்.

மரக்காவலன்: பாலைவனப் புல்லுருவியில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. காய்ப்பது பெண் செடிதான். ஆண் செடிகளையாவது வெட்டலாமே?

பாலைநிழல்: மகரந்தம் ஆண் செடியிலிருந்துதான் வரவேண்டும். எல்லாவற்றையும் வெட்டினால் அடுத்த குளிர்காலம் பழத்துக்கு எங்கே போவது?

வேலிக்கால்: பறவைகள் கிளம்பும்வரை மரத்தைத் தொடப்போவதில்லை. காய்ந்துவரும் ஒரு கிளையை மட்டும் ஜூனில் அடியோடு எடுக்கிறேன். மற்ற கொத்துகள் இருக்கட்டும்.

மரக்காவலன்: எடுக்கும்போது கொத்து ஒட்டிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓரடி தள்ளி வெட்டுங்கள். இன்னும் நாலைந்து கொத்துகளைக் குறைக்கலாம் என்பதே என் கருத்து.