மறு: ஈரக்குமிழா, புழுக்கமா?

> வேலூரில் 42 டிகிரி புதிதா? 'வெயிலூர்' என்றே பேர். இதில் காலநிலை மாற்றம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான், சூட்டோடு காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவுக்கு (wet-bulb temperature) ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். உச்ச வெப்பநிலையை மட்டும் வைத்து வாதாடினால், "கத்திரி என்றைக்கும் இப்படித்தான்" என்பவர் ஜெயித்துவிடுவார். இந்திய வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறையும் (சமவெளியில் குறைந்தது 40, இயல்பைவிட 4.5 கூடுதல்) காற்றின் சூட்டைத்தான் பார்க்கிறது. உடம்புக்கு அது போதாது. வியர்வை காய வேண்டும்.

42 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் அளவு (குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் சூடு) ஏறத்தாழ 24. அதே ஊரில் 36 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 29 தாண்டும். செய்தியில் 'வெயில் தணிந்தது' என்று வரும் நாள்தான் உடம்புக்கு மோசம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனிக்குள் ஈரத்தோல் நடுவே நிற்பவருக்குக் கேட்கவே வேண்டாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவி தாங்கும். மாற்றம் ஒளிந்திருப்பது அங்கே.

'ஈரக்குமிழ் வெப்பநிலை' கருவியின் பேர். பாடநூலில் இருக்கட்டும். ஊரில் வெக்கை வேறு, காந்தல் வேறு, புழுக்கம் வேறு. நான் முன்வைப்பது: புழுக்க வெப்பநிலை.

---

> நான் முன்வைப்பது: புழுக்க வெப்பநிலை

ஐயா, புழுக்கம் ஓர் உணர்வு. 42-க்கு 20 விழுக்காடு நாளில் யாரும் புழுங்குகிறது என்று சொல்ல மாட்டார்கள். அன்றைக்கும் 'புழுக்க வெப்பநிலை 24' என்று எழுதலாமா?

கருவியை மறைப்பதும் ஆபத்து. குமிழில் சுற்றிய மல்துணி காய்ந்தால், துணி சுற்றியது, சுற்றாதது என இரண்டு வெப்பமானியும் ஒன்றையே காட்டும். பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் சில நாளில் துணியில் உப்பு படியும். ஆவியாதல் குறைந்து அளவு கூடுதலாகக் காட்டும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர்தான் சரி. காற்று வீசாத மூலையில் தொங்கவிட்டாலும் கூடுதலாகத்தான் காட்டும். நொடிக்கு 3 மீட்டராவது வேண்டும். 'ஈரக்குமிழ்' என்றால் படிப்பவர் இதையெல்லாம் கேட்பார். 'புழுக்கம்' என்றால் கேட்க மாட்டார்.

---

> 42-க்கு 20 விழுக்காடு நாளில்...

பனிக்கட்டிக்கும் 'வெப்பநிலை' உண்டு என்கிறோமே, அங்கே வெப்பத்தை யார் உணர்கிறார்கள்? அளவின் பேருக்கு உணர்வு கட்டாயமில்லை. புழுங்கல் அரிசி என்ற சொல்லிலேயே ஆவியும் சூடும் சேர்ந்திருக்கின்றன. ஆரணி அரிசி ஆலைக்காரருக்கு விளக்கவே வேண்டாம்.

கருவி பற்றிச் சொன்னது நியாயம். ஈரக்குமிழ் *வெப்பமானி* என்பது அப்படியே இருக்கட்டும்; அது தரும் *அளவு* மட்டும் புழுக்க வெப்பநிலை. மனித உடல் தாங்கும் கோட்பாட்டு வரம்பாக இந்த அளவில் 35 என்று 2010-இல் வைத்தார்கள்; 2022-இல் இளம், நலமான ஆட்களை வைத்து அமெரிக்காவில் சோதித்தபோது, ஈரமான சூழலில் ஏறத்தாழ 31-லேயே உடல்சூடு கட்டுமீறத் தொடங்கியது. இந்த எண்களைப் பொதுமக்களிடம் சொல்ல 'குமிழ்' உதவாது.

ஒன்று மட்டும் குழப்பக் கூடாது. வேலைத்தளப் பாதுகாப்புக்காகத் திறந்தவெளியில் எடுக்கும் அளவு (WBGT) வேறு: ஈரக்குமிழ் 0.7 பங்கு, கதிர்ச்சூட்டைப் பிடிக்கும் கறுப்புக் கோளத்தின் சூடு 0.2, நிழலில் காற்றின் வெப்பம் 0.1. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும் செய்திகள் ஏற்கெனவே வருகின்றன. அதற்கு 'வெயில்-புழுக்கக் குறியீடு' என்று வைக்கலாம்.

---

> வெயில்-புழுக்கக் குறியீடு

கூரைக்குள் வெயில் ஏது? உள்ளே அளக்கும்போது நிழல் வெப்பத்தை விட்டுவிட்டு 0.7, 0.3 என்றுதான் கூட்டுவார்கள். கறுப்புக் கோளம் உள்ளே உலைச் சூட்டைப் பிடிக்கும். எனவே 'வெயில்' வேண்டாம்; 'கதிர்ச்சூடு-புழுக்கக் குறியீடு' சரி. 'புழுக்க வெப்பநிலை' என்ற முதல் சொல்லுக்கு என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன், சொல்லின் பதிவில் ஈரக்குமிழும் இணைச்சொல்லாக இருக்குமென்றால்.