போலோவுக்கு ஆக்டேவியா வீல்: அடாப்டர் போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கிறது ஃபோக்ஸ்வேகன் போலோ, 15 இன்ச் 6ஜே வீல் (அகலம் 6 இன்ச்), ஈடி 40 (வீலோட நடுக்கோட்டுக்கும் வண்டியில அது மாட்டுற முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.ல). தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்கோடா ஆக்டேவியாவோட 16 இன்ச் அலாய் தர்றேன்னு சொல்றார், 6.5ஜே, ஈடி 46. சென்டர் போர் (வீல் நடுவுல இருக்கிற துளை) ரெண்டுக்கும் 57.1 மி.மீ. தான், ஆனா போலோவோட பிசிடி (போல்ட் எண்ணிக்கையும், அதுங்க அமையுற வட்டத்தோட விட்டமும்) 5x100, ஆக்டேவியாவுக்கு 5x112. அதனால நடுவுல அடாப்டர்ங்கிற இணைப்புத் தட்டு இல்லாம மாட்ட முடியாது.

20 மி.மீ. அடாப்டர் போட்டா ஈடி 26 ஆயிடும். கணக்குப் போட்டா வீலோட வெளி விளிம்பு இப்ப இருக்கிறதை விட சுமார் 20 மி.மீ. வெளியே வருது. உள்பக்கம் பிரச்சினை இல்லை. நாலு பேர் ஏறி ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கும்போது பின்பக்க ஃபெண்டர்ல டயர் உரசுமா? 195/50 டயர் போடலாம்னு இருக்கேன்.

இன்னொரு கவலை இதைவிடப் பெருசு. கோயம்புத்தூர்ல ஒரு லேத் பட்டறைல 6061 ரக அலுமினியக் கலவைல அடாப்டரைக் கடைஞ்சு தர்றேங்கிறாங்க. ஹப்புலயும் (வண்டியில வீல் மாட்டுற நடுப்பகுதி) வீலோட துளைலயும் கச்சிதமா உட்கார்ற லிப் (விளிம்பு) ரெண்டு பக்கமும் வேணும்னு கேட்டிருக்கேன். அது இல்லாட்டி வீல் சரியா மையத்துல உட்காராதே? குடும்பத்தோட போற வண்டி, அதுல சமரசம் பண்ண மனசில்லை. ஒரிஜினல் போல்ட்டோட சீட் (வீல் மேல அழுந்துற பகுதி) உருண்டையா இருக்கும், கூம்பு சீட் போல்ட் கொடுத்தா வாங்கக்கூடாதுன்னும் தெரியும்.

அடாப்டரோட நெடுநாள் ஓட்டினவங்க சொல்லுங்க: வீல் பேரிங் தாங்குதா? 120 நியூட்டன் மீட்டர்ல முறுக்கினது தளர்ந்துச்சா? எஃப்சி சமயத்துல ஆர்டிஓல ஏதாவது கேட்டாங்களா? ஃபோட்டோ இருந்தா போடுங்க.