வாசிகசாலைக் குழு: கடம்பூரில் அந்த இரவு

குகன்: ரீச்சர், பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகத்தில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை கடம்பூர் மாளிகையில் நடக்கிற இடம் முடித்துவிட்டேன். நேற்று இரவு வயல் காவல் கொட்டிலில் ரோர்ச்சைக் கழுத்துக்குள் இடுக்கிக்கொண்டு வாசித்தது. வாசித்து முடிய நித்திரையே வரவில்லை. விளக்கு அணைகிறது, இருட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது, பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. யார் கொன்றது என்று கல்கி நேராகச் சொல்லவே இல்லையே?

வசந்தா மாமி: எனக்கும் அதுதான் தம்பி. பழுவேட்டரையரும் தன் கையால்தான் நடந்தது என்கிறார். நந்தினி, ரவிதாசன், எல்லாரும் அந்த அறைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

சாந்தி ரீச்சர்: கல்கி வேண்டுமென்றே விட்ட இருட்டு அது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக எழுதும்போது அவருக்குக் கிடைத்த சான்றும் அவ்வளவுதான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அந்த வீரநாராயண ஏரிக்குப் பக்கம்தான். "பாண்டியனைத் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று சொல்லிப் பெயர்களையும் தருகிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்.

குகன்: அப்ப ரவிதாசன் உண்மை ஆளா!

சாந்தி ரீச்சர்: உண்மை ஆள்தான். ஆனால் பட்டங்களைக் கவனி. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம், பஞ்சவன் என்றால் பாண்டியன். பரமேஸ்வரனுக்கோ இருமுடிச்சோழ பிரமாதிராஜன், அது சோழர் கொடுக்கிற பட்டம். நாவலில் இது, கரிகாலன் கொன்ற பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கிய அவனுடைய மெய்க்காவலர்களான ஆபத்துதவிகளின் சதி. கல்லைப் பார்த்தால் சோழ அரசுக்குள் இருந்தே ஒருவன் சேர்ந்திருக்கிறான் போல. இந்த இடத்தில் நான் நாவலை விடக் கல்லைத்தான் நம்புகிறேன்.

ரவி அண்ணை: வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனைத்தானே சந்தேகப்பட்டார்? கரிகாலன் போனால் சிம்மாசனம் அவருக்குத்தானே.

சாந்தி ரீச்சர்: ஓம் அண்ணை, இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்வெட்டு இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. அவர் முடிசூடியது 985இல், கொலை நடந்து ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்குப் பிறகு. நடவடிக்கை அவ்வளவு காலம் ஏன் பிந்தியது என்பதில்தான் சண்டை. லாபம் அடைந்தவன்தான் கொன்றான் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை.

வசந்தா மாமி: பிள்ளை, அந்தக் கல்லில் தண்டனை என்ன என்று இருக்கிறதா? தலையை வெட்டினார்களா?

சாந்தி ரீச்சர்: இல்லை மாமி. அது கொலைக்கென்று வெட்டின கல்லே இல்லை, காணிக்கென்று வெட்டினது. துரோகிகளின் காணியைப் பறித்து விற்ற கணக்கு. அவர்களுடையது மட்டும் இல்லை, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், தாய்மாமன்மார், அந்த வீட்டுப் பெண்களைக் கலியாணம் முடித்தவர்கள், எல்லாருடைய காணியும்.

வசந்தா மாமி: பெண் எடுத்த மருமகனின் காணியுமா?

சாந்தி ரீச்சர்: ஓம்.

வசந்தா மாமி: அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போயிருப்பாள். காணி போன வீட்டில் அடுத்த நாள் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். ஒலுமடுவில் எங்கள் வளவுக்குள் திரும்பக் கால் வைத்த அன்றைக்குக் கிணற்றுக்கட்டை மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குகன்: மாமி 🙏

ரவி அண்ணை: இத்தனை பாகம் வாசித்தும் அந்த வீட்டுக்காரரை நான் ஒருநாளும் யோசிக்கவில்லை மாமி. சதிகாரன் என்றால் காட்டுக்குள் ஆந்தை மாதிரிக் கத்துகிற ஆள் என்றுதான் மனதில் இருந்தது.

சாந்தி ரீச்சர்: சரி, ஞாயிறு 4 மணிக்குக் கொலை நடந்த அத்தியாயத்தோடு கல்வெட்டு வரிகளையும் சேர்த்து வாசிப்போம். நான் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு வருகிறேன். வாசிகசாலைப் புத்தகத்தில் அந்த இடத்தில் நாலு தாள் கறையான் தின்றுவிட்டது, குகன் உன்னுடையதைக் கொண்டு வா. மாமி, காணி வரியை நீங்கள் வாசியுங்கோ.

வசந்தா மாமி: கண்ணாடி மாற்ற வேண்டும் பிள்ளை. பெரிய எழுத்தில் எடுத்து வா, வாசிக்கிறேன்.