ஸ்ரீராம்புரத்தில் தமிழில் பேச்சுவழிச் சிகிச்சை: 2 பேரை வைத்துத் தொடங்க முடியுமா?

ஓகளிபுரம்வாசி:
வணக்கம். பெங்களூரில் எங்கள் ஏரியாவில் வீட்டுவேலை, கார்மெண்ட்ஸ், பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, எதிலும் பிடிப்பில்லை என்று மாதக்கணக்கில் ஊசிக்கும் சத்து மாத்திரைக்கும் அலைகிறார்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் "நான் என்ன பைத்தியமா?" என்கிறார்கள். +2 படித்த, தமிழ் பேசும் பெண்கள் 2 பேர் வாரம் ஒருநாள் 3 மணி நேரம் உட்காரத் தயார். சங்க ஹால் இருக்கிறது. நடத்த முடியுமா? எத்தனை பேருக்கு எட்டும்?

பயிற்சியாளர்:
முடியும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்கள் இதைச் செய்தார்கள். 6 முதல் 8 அமர்வு, ஒவ்வொன்றும் 30–40 நிமிடம். 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: 3 மாதத்தில் மனச்சோர்வு தணிந்தவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39.

எல்லா முறைகளையும் சொல்லிக்கொடுக்கப் பார்க்காதீர்கள். பிஹேவியரல் ஆக்டிவேஷன் ஒன்று போதும். மனசு தெளிந்ததும் எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவரை, சின்ன வேலை ஒன்றை முதலில் செய்யவைப்பது. "தினமும் நடங்க" என்றால் யாரும் நடக்கமாட்டார்கள். "செவ்வாய், வியாழன் காலை 7 மணிக்குப் பால் வாங்கிவிட்டு பூக்கடைவரை போய்வரணும்" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரப் பேச்சு அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். செய்யாமல் வந்தால் வேலை பெரிதாகிவிட்டது என்று பொருள், பாதியாக வெட்டுங்கள்.

கெடுவது புத்திமதியால். "பிள்ளைங்களுக்காகவாவது தைரியமா இருங்க" என்று வாய் தானாக வந்துவிடும், கேட்பவர் குற்ற உணர்வோடு போவார், திரும்ப வரமாட்டார். பயிற்சி வகுப்பு மட்டும் இதைத் தடுக்காது. அனுமதி கேட்டு அமர்வைப் பதிவு செய்து, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பெண் போடுவது கோவாவில் நடந்தது. அதற்கு வாரம் 1 மணி நேரம் ஒதுக்குங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவர் மாதம் 2 முறையாவது அதில் உட்கார வேண்டும். அவர் கிடைக்கும்வரை தொடங்கவே வேண்டாம் என்பேன்.

வார்டு டாக்டர்:
ஹால் வேண்டாம். உள்ளே போகிறவரைத் தெருவே பார்க்கும். அரசின் 'நம்ம கிளினிக்'கில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கேளுங்கள், சுகர், பி.பி. பார்க்க வருகிற இடத்துக்கு ஏன் போனாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அசதி என்று வருபவருக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லவும் அங்கே வசதி.

எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 40 நிமிடப் பேச்சு, 10 நிமிடக் குறிப்பு, கொஞ்சம் இடைவெளி: 3 மணி நேரத்தில் ஒருவருக்கு 3 பேர், இருவருக்கு 6. ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 288 இடம். கால்வாசி வராமல் போகும் என்று வையுங்கள், 216. ஆளுக்கு 6 அமர்வு என்றால் 36 பேர். அவ்வளவுதான். வீட்டுவேலைக்காரர்களுக்கு மதியம் 1 முதல் 4 தோது. மாலையில் சமையல், தண்ணீர் பிடிப்பது என்று நழுவிவிடுவார்கள். முந்தின நாள் போன் செய்தால் வராதவர் எண்ணிக்கை குறையும்.

மனச்சோர்வை அளவிட பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் போதும்: 9 கேள்வி, 0 முதல் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் கேளுங்கள். பாதியில் நின்றவருக்கும் கடைசி மதிப்பெண் கையிலிருக்கும். இங்கிலாந்தில் 2008-ல் தொடங்கிய பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டத்தின் பலமே அதுதான். "எப்பவாச்சும்" என்ற பதிலை அப்படியே எடுக்காமல், போன 14 நாளில் எத்தனை நாள் என்று கேளுங்கள்: 2–6 நாள் என்றால் 1 மதிப்பெண், 7–11 நாள் என்றால் 2, அதற்கு மேல் 3. இன்னொன்று, "மன அழுத்தம்" என்ற சொல்லை நம்மவர்கள் டென்ஷனுக்கும் சொல்கிறார்கள். "மனசு பாரமா இருக்கா?" என்று கேட்டால் சரியாகப் புரியும்.

ஓகளிபுரம்வாசி:
36 பேர் என்றாலும் சரி, தொடங்குகிறோம். 9-ம் கேள்வி, செத்துப்போகத் தோன்றுகிறதா என்பது, அதற்கு ஆம் என்றால்?

பயிற்சியாளர்:
மொத்த மதிப்பெண் எதுவானாலும் அன்றே நேராகக் கேளுங்கள்: எப்படி என்று யோசித்தீர்களா, அந்தப் பொருள் வீட்டில் இருக்கிறதா, எப்போது? கேட்பதால் எண்ணம் கூடாது. திட்டம் இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள். அவர் சம்மதிக்கும் வீட்டாள் ஒருவரோடு ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவுக்கு. திட்டமில்லை, எண்ணம் மட்டும் என்றால் அங்கிருந்தே அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழில் பேசவையுங்கள். மேற்பார்வை செய்யும் சைக்காலஜிஸ்டுக்கும் அன்று மாலைக்குள் தகவல் போக வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரையும், குடியை நிறுத்தியதும் கை நடுங்குபவரையும் உங்கள் 6 இடத்தில் சேர்க்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.