சித்திரை லீவுக்கு நுவரெலியா: குடும்பக் குழுவில் பேசியது

சித்தி (வத்தளை): அண்ணா, வேன் பேசியாச்சு. பிள்ளைகளுக்குக் குதிரை ரேஸ் பார்க்க வேண்டுமாம். காலையில் வந்து ரேஸ் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பலாமா?

மாமா (நுவரெலியா): வேண்டாம் தங்கச்சி, ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ஏப்ரல் சீசனில் டவுன் முழுக்க வாகனம். ரேஸ் முடிந்த கையோடு கிளம்பினால் ஊரைப் பார்க்காமலே போவீர்கள்.

தம்பி: மாமா, ரேஸ் கோர்ஸ் ரொம்பப் பழசா?

மாமா: 1875இல் வெள்ளைக்காரர்கள் போட்டது. ஆளுநர் கிண்ணப் போட்டி இன்றைக்கும் ஏப்ரலில் இங்கேதான். குதிரையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதே. அப்படியே வடக்கே பார், பீதுருதலாகலை. 2,524 மீட்டர், இலங்கையிலேயே உயரமான மலை. காலையில் மேகம் விலகியிருந்தால் உச்சியில் இருக்கிற ஒளிபரப்புக் கோபுரங்கள்கூடத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் நிச்சயமில்லை.

தம்பி: ஏரி?

மாமா: கிரகரி வாவி. ரேஸ் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே. வெறும் சதுப்பு நிலமாகக் கிடந்ததை 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் தண்ணீர் தேக்கி ஏரியாக்கினார்கள்.

அத்தை (நுவரெலியா): டவுனுக்குள் வந்ததும் தபால் கந்தோர் முன்னால் இறங்குங்கள். செங்கல் கட்டடம், மேலே மணிக்கூட்டுக் கோபுரம், 1894இல் கட்டியது. 2023இல் அதை ஹோட்டலுக்குக் கொடுக்கிற பேச்சு வந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். பிள்ளைகள் அங்கே ஒரு தபால் போடட்டும். பக்கத்திலேயே விக்டோரியா பூங்கா.

அக்கா: பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குருவி வருமே, பார்க்கலாமா அத்தை?

அத்தை: அது குளிர்காலத்து விருந்தாளி அம்மா. சித்திரைக்குள் இமயமலைப் பக்கம் கிளம்பியிருக்கும். அதற்கு மார்கழியில் வா.

சித்தி: அம்மா சீதையம்மன் கோயிலைக் கேட்கிறார்.

மாமா: மறுநாள் காலையில் போகலாம், வெலிமடை ரோட்டில் கிட்டத்தான். கோயிலை ஒட்டி ஓடை. கரைப் பாறையில் இருக்கிற பள்ளங்களை அனுமன் காலடி என்று கும்பிடுவார்கள். பாறை வழுக்கும், அம்மாவைக் கைபிடித்து இறக்குங்கள். அதே ரோட்டில் ஹக்கலை பூங்கா. மலேரியாக் காய்ச்சல் மருந்தான கொயினாவுக்காக 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். இப்போது ரோஜா.

மாமா: இன்னொன்று. வரும்போது றம்பொடை வழியாகவே வாருங்கள். பிள்ளைகளைத் தூங்கவிடாதே. ரேஸ் கோர்ஸ் போட்ட காலத்தில் இந்த மலையில் கோப்பி, அப்புறம் தேயிலை. கிளப்பும் பங்களாவும் அந்தக் காசில் வந்தவை. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து எடுத்தது நம் மலையகத் தமிழ் ஆட்கள். எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்தப் பச்சைச் சரிவு, தேயிலை வரிசையில் நிரை பிடித்து ஏறிய நம் பாட்டிமார் கையால் உண்டானது. இதை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வா.

அக்கா: மாமா, அதை வாய்ஸ் மெசேஜாகவும் போடுங்கள். வேனில் போட்டுக் காட்டுகிறோம்.

சித்தி: சரி அண்ணா, ரெண்டு நாளாகவே வருகிறோம். திரும்புவது?

மாமா: ஹட்டன் ரோடு. தலவாக்கலைப் பக்கம் சென் கிளயர், டெவன் நீர்வீழ்ச்சி ரெண்டையும் ரோட்டிலிருந்தே பார்க்கலாம்.

அத்தை: எல்லாருக்கும் சுவெட்டர் எடுத்து வையுங்கள். அம்மாவுக்குக் காலுறையும்.